நான் வேகவைத்த பாட்டு

நான் ஒரு பாட்டை வேகவைத்திருக்கிறேன். அடுப்பு மூட்டி, தண்ணீர் காயவைத்து, சோப்பும் சோடாவும் போட்டு, பொறுமையாக வேகவைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள்கூடத் தண்ணீரில் அவ்வளவு கவனமாகச் சூடு பார்த்திருக்க மாட்டார்கள். இதை வெளியில் சொல்ல இத்தனை வருடம் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். என் குடும்பத்தில் எல்லாருக்கும் இது தெரியும். மருமகள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கும் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. தெருவில் மற்றவர்கள் பட்டு நெய்வார்கள், நாங்கள் அவர்களுக்கு நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்போம். நைனாவுக்கு நான் ஒரே மகன், எனக்கு மேலே சரோஜா அக்கா. என் பெயர் தயாளன். ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் "யாரு, பிளேட்டா?" என்பார்கள்.

காரணம், என்னிடம் பதினோரு இசைத்தட்டுகள் இருந்தன. கறுப்பாக, கனமாக, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைகிற அந்தக் காலத்து பிளேட்டுகள். பழைய சாமான் கடையில் கிளறி எடுத்தவை சில, சாய நூலின் மிச்ச மீதியைக் கொடுத்து மாற்றிக்கொண்டவை சில. ஒன்றில் ஓரம் பல் விட்டுப் போயிருக்கும். ஒன்றில் யாரோ ஆணியால் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருந்தேன். வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, லேபிளைப் படித்துவிட்டு, மறுபடி உள்ளே வைப்பேன்.

அவற்றைப் போட்டுக் கேட்கிற பெட்டி மட்டும் என்னிடம் கிடையாது.

(சிரிக்க வேண்டாம். மாடு இல்லாமல் கயிறு சேர்த்தவன் என்று அம்மா அப்போதே சிரித்துவிட்டாள்.)

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். அப்போது பாட்டை நாம் தேடிப் போக முடியாது. பாட்டுதான் நம்மைத் தேடி வரும், அதுவும் காற்று நம் பக்கம் அடித்தால். எங்கோ ஒரு கல்யாண வீட்டில் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருப்பார்கள். பட்டறையில் நூலை அலசிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டின் நடுப்பகுதி வந்து விழும். கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அதற்குள் காற்று திரும்பிவிடும். அந்தப் பாட்டின் மிச்சம் வேறு தெருவுக்குப் போய்விடும். மறுபடி அதைக் கேட்க அடுத்த முகூர்த்தம் வரை காத்திருக்க வேண்டும். ஆடி வந்தால் கல்யாணமே இல்லை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது போடுகிற சாமிப் பாட்டோடு நாட்களைத் தள்ள வேண்டியதுதான்.

அதனால் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டேன். மைக் செட் யாருடையது என்று விசாரிப்பேன். மைக் செட் ஏகாம்பரம் என்றால் அழைப்பு இல்லாவிட்டாலும் போய்விடுவேன், கக்கத்தில் என் பிளேட்டுகளோடு. ஏகாம்பரம் அண்ணன் நல்ல மனிதர். கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்த சமயம் பார்த்து என்னுடையதில் ஒன்றைப் போடுவார். பந்தியில் பாயசத்துக்கு அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவில் நான் மட்டும் ஸ்பீக்கருக்குக் கீழே அண்ணாந்து நிற்பேன். என் சேகரிப்பை நான் கேட்டதெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் கல்யாணங்களில்தான். அப்படியும் பதினொன்றில் மூன்றை நான் கேட்டதே இல்லை. அந்த மூன்றின் மேல்தான் எனக்கு ஆசை அதிகம்.

இப்படி இருந்த சமயத்தில்தான் அக்காவுக்குத் திருப்புட்குழியில் மாப்பிள்ளை அமைந்தது. விவசாயக் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி அத்தை, அப்பா வேணு மாமா. முகூர்த்தப் புடவைக்கு என்ன நிறம் என்று சம்பந்தியம்மாவைக் கேட்டுவரச் சொல்லி, சாயம் ஏற்றிய நூல் மாதிரிகளோடு நைனா என்னை சைக்கிளில் அனுப்பினார்.

அத்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர். நூல் மாதிரிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அரக்கே இருக்கட்டும்பா. முகூர்த்தத்துக்கு அரக்கு மாதிரி வருமா?"

அரக்கு என்பது கருஞ்சிவப்பு. எங்கள் பட்டறையில் அதிகம் ஓடுகிற நிறம். வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் நாலு வார்த்தை பெருமையாகப் பேச வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். என்னிடம் இருந்த ஒரே பெருமையை எடுத்துவிட்டேன்.

"எங்கிட்ட பதினோரு பிளேட்டு கீது அத்தை."

"பாட்டு பிளேட்டா?" என்று நிமிர்ந்தார். "பொட்டி வெச்சிக்கினு இருக்கியா?"

"பொட்டி இல்ல அத்தை."

"அப்ப எப்டிப்பா கேப்ப?"

"எங்கனா கல்யாணம் நடந்தா கேப்பேன்."

மற்றவர்களைப் போல அவர் சிரிக்கவில்லை. பிறகு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பழைய சேலைக் கிழிசலில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"எங்கிட்டயும் ஒண்ணு கீது. எங்கிட்டயும் பொட்டி இல்ல."

பிரித்துப் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்த பிளேட். ஆனால் இரண்டு பக்கமும் நடுவில் லேபிள் தெரியாதபடி பழுப்புத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது.

"யாரு அத்தை பாடினது?"

"யாரோ. கல்யாணத்தன்னிக்கி ஒரே ஒரு தபா போடுப்பா. பந்தி நடக்கறப்போ போடு, யாரும் கண்டுக்க மாட்டாங்க. மாமாவுக்கு இந்தப் பாட்டு கூத்தெல்லாம் ஆவாது. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் அத்தை."

"அந்தத் தாளப் பிச்சிடாத."

"சத்தியமா பிக்க மாட்டேன்."

சத்தியத்தைக் காப்பாற்றினேன். நான் அதைப் பிய்க்கவில்லை. அதுவாக வந்தது.

பெட்டி இல்லாதவனுக்கு லேபிள்தான் பாட்டு. யார் பாடியது, எந்த ஊர், என்ன பாட்டு என்று படித்து, மீதியை மனதுக்குள் பாடிக்கொள்வதுதான் நான் பிளேட் கேட்கிற முறை. அப்படிப்பட்டவனிடம் லேபிளை மூடி ஒரு பிளேட்டைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? நான்கு நாள் பொறுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் என் மூளை வேலை செய்தது.

நாங்கள் சாயக்காரர்கள். பட்டு நூல் எங்களிடம் வரும்போது பசையோடு வரும், கரடுமுரடாக, மங்கலாக. அந்தப் பசை போக அதைச் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேகவைப்போம். வெளியே எடுத்தால் நூல் மிருதுவாகப் பளபளக்கும். எங்கள் பட்டறையில் எந்தக் கேள்விக்கும் வெந்நீர்தான் பதில். லேபிளை மூடியிருப்பது தாள், அதைப் பிடித்திருப்பது பசை, பசையை எடுப்பது நம் தொழில். தாளை அலுங்காமல் எடுத்து, லேபிளைப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? கூடவே முப்பது வருடத்து அழுக்கும் போய் பிளேட் பட்டு மாதிரி ஆகிவிடும். அத்தைக்கு நான் செய்கிற உபகாரம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நைனா சாப்பிட்டுப் படுத்ததும் ஆரம்பித்தேன். அண்டாவில் கொதி அடங்கிய தண்ணீர் தயாராக இருந்தது. பிளேட்டின் நடு ஓட்டையில் ஒரு கயிற்றைக் கோத்து, நூல் தொங்கவிடுகிற கழியில் கட்டி, நூலை முக்குகிற அதே லாகவத்தோடு முக்கினேன். எண்ணிக்கை எல்லாம் வைத்தேன். நூறு எண்ணியதும் கழியைத் தூக்கினேன்.

பழுப்புத் தாள் வழுக்கிக்கொண்டு விழுந்தது. லேபிளின் கீழ்ப்பாதியும் அதோடு சேர்ந்து கழன்று அண்டாவுக்குள் போய்விட்டது. பாட்டின் பெயர் இருந்த பாதி அது. ஒரு பக்கத்தில் 'நே' என்ற ஓர் எழுத்து மட்டும் விளிம்பில் மிச்சம் இருந்தது. மேல்பாதி அப்படியே இருந்தது. படித்தேன்.

மிஸ் ரங்கநாயகி. காஞ்சீபுரம்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மோர் கொடுத்த கை ஞாபகம் வந்தது. பிளேட்டை எடுக்கும் முன் வாசலை எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. நம் அத்தை பிளேட்டில் பாடியிருக்கிறார்! பத்திரிகையில் வருகிறவர்களைப் போல, 'மிஸ்' போட்டுக்கொண்டு! சந்தோஷத்தில் அந்தப் பெயரை மறுபடி மறுபடி படித்தேன். அந்தச் சந்தோஷத்தோடு லேபிளிலிருந்து கண்ணை எடுத்துப் பிளேட்டை முழுதாகப் பார்த்தேன்.

அது கயிற்றில் இரண்டு பக்கமும் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கல்லிலிருந்து பாதி வெந்து எடுத்த தோசை மாதிரி.

அடுத்த சில நிமிடங்களில் செய்ததை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதை ஓடிப்போய் கடப்பாக்கல் மேடையில் போட்டேன். மேலே ஈரத்துணியைப் போர்த்தினேன். கையில் கிடைத்த பெரிய இரும்பு எடைக்கல்லை நடுவில் தூக்கி வைத்தேன். ஆறட்டும், சரியாகிவிடும் என்று சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். ஆறியது. எடைக்கல் இருந்த நடுப்பகுதி சமமாக இருந்தது. அதைச் சுற்றி ஓரமெல்லாம் பொரித்த அப்பளம். மேல் பக்கத்தில் துணியின் இழைகூட அச்சு வைத்ததுபோல் பதிந்திருந்தது. கல்லோடு படிந்திருந்த பக்கம், அந்த 'நே' இருந்த பக்கம், நடுவில் மட்டும் தப்பியிருந்தது.

அன்றே சைக்கிளில் போய் அத்தையின் காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. சம்பந்தி வீடு, அக்காவின் வாழ்க்கை, கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம். ஏகாம்பரம் அண்ணன் ஏதாவது செய்வார் என்று நம்பிப் பிளேட்டை மறுபடி சேலைக் கிழிசலில் சுற்றி வைத்தேன்.

கல்யாணம் எங்கள் தெருவிலேயே பந்தல் போட்டு நடந்தது. அக்கா அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டியாயிற்று. பந்தி ஆரம்பித்தது. முதல் பந்தியிலேயே மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் வேணு மாமா. அவருக்கு எதிரே, உட்காராமல், பரிமாறுவதை மேற்பார்வை பார்க்கிற சாக்கில் அத்தை நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அத்தைக்கு அன்றைக்குக் காதில் புதுத் தோடு, முகம் சின்னப் பெண்ணுடையது மாதிரி இருந்தது. நான் பிளேட்டோடு மைக் செட் பக்கம் போனேன்.

ஏகாம்பரம் அண்ணன் துணியைப் பிரித்தார்.

"இன்னாபா தயாளு, பிளேட்டு கேட்டா அப்பளம் கொண்டாந்துகீற?"

"எப்டியாவது போடுண்ணா. உன் கால்ல விழறேன்."

அவர் மைக்கில் "அடுத்த பந்திக்குத் தயாராக இருக்கவும்" என்று அறிவித்துவிட்டு அதைப் பக்கத்தில் வைத்தார். பிளேட்டைச் சுழலவிட்டு ஊசியை ஓரத்தில் வைத்தார். ஸ்பீக்கரில் 'டொப்' என்று இடி மாதிரி ஒரு சத்தம். ஊசி எகிறித் தட்டுக்கு வெளியே போய் விழுந்தது. மறுபடி வைத்தார். டொப். கர்ர்ர். டொப். சாப்பிட்டுக்கொண்டிருந்த தவில்காரர் தன் தவிலை எவனோ உதைக்கிறான் என்று எச்சில் கையோடு எழுந்து ஓடிவந்தார்.

"இத இன்னா பண்ண நீ? உண்மையச் சொல்லு," என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"சுடுதண்ணில போட்டேண்ணா."

"சுடுதண்ணிலயா?"

"சோப்பும் சோடாவும் போட்டு... நூறு எண்ணுற வரைக்கும்தாண்ணா."

"அடப்பாவி! பிளேட்டு எதுல செய்றாங்கன்னு தெரியுமா உனுக்கு? அரக்குபா! சூடு பட்டா உருகுற அரக்கு! ஊருக்கெல்லாம் அரக்குக் கலரு போட்டுத் தர்ற ஊட்டுல பொறந்துட்டு, அரக்கப் போயி எவனாவது வேக வெப்பானா?"

சொல்லி முடித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று உறைத்தது. அவருடைய கடைசி வார்த்தை எதிர் வீட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மைக்கை அவர் அணைக்கவே இல்லை. "உண்மையச் சொல்லு" முதல் "வேக வெப்பானா" வரை தென்னை மரத்து ஸ்பீக்கர் வழியாகத் தெரு முழுக்கப் போயிருக்கிறது.

முதலில் பந்தியில் ஒருவர் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. புரையேறித் தலையில் தட்டிக்கொண்டார்கள். மணவறையில் குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டிய அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நைனா மட்டும் சாம்பார் வாளியோடு நடுப் பந்தியில் நின்று, வெட்டவா குத்தவா என்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கர் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து அத்தை தெரிந்தார். அவர் சிரிக்கவில்லை.

ஏகாம்பரம் அண்ணனுக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போலிருக்கிறது. பிளேட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, "நடுவுல கொஞ்சம் நல்லாத்தான் கீது" என்று முனகிக்கொண்டே ஊசியை லேபிளை ஒட்டினாற்போல, கடைசியில் இருக்கிற கோடுகளில் வைத்தார்.

ஒரு ஆர்மோனியம். அதன் மேல் ஒரு குரல். பதினைந்து வயதுப் பெண் குரல், கூச்சமே இல்லாமல், முழுத் தொண்டையோடு.

"விளக்கும் ஏற்றி வைத்தேனடி... விளக்கும் ஏற்றி வைத்தேனடி..."

இரண்டு தடவை. அதோடு பாட்டு முடிந்துவிட்டது. ஊசி உள்வட்டத்தில் சுற்றுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்த பந்தல் அந்த அரை நிமிடம் வாயை மூடியிருந்தது. அத்தை இலைகளைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.

முதலில் பேசியது வேணு மாமாதான். பாட்டு கூத்து ஆகாத வேணு மாமா.

"யாருதுப்பா அது? நல்ல கொரலு," என்றார் சத்தமாக. "எங்க, இந்தப் பக்கம் பாயசம் கொண்டாம்மா."

அத்தை அவர் இலையில் பாயசம் ஊற்றினார். கொஞ்சம் வெளியே சிந்தியது.

கை கழுவுகிற இடத்தில் அத்தையைப் பிடித்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு, தாளிலிருந்து எடைக்கல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பெயரைப் படித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்கப்பா ஆர்மோனியம் வாசிப்பாரு. மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போயி பாட வெச்சாரு. மறு தையில கல்யாணம்," என்றார். "நான் அத ஒரு தபாகூட கேட்டதில்லப்பா. பிளேட்டு கைக்கு வர்றதுக்குள்ள மாமா ஊட்டுக்கு வந்துட்டேன்."

"நீங்களே இன்னொரு தபா பாடுங்க அத்தை. நான் எப்டியாவது..."

"மொத அடி மறந்து போச்சு. அதக் கேக்கத்தானே உங்கிட்ட குடுத்தேன்."

"'நே'ன்னு ஆரம்பிக்குது அத்தை," என்றேன். அண்டாவில் கரைந்ததுபோக மிச்சமிருந்தது அதுதான்.

"நே..." என்று உதட்டை அசைத்துப் பார்த்தார். "நேரமா... நேசமா..." தலையை ஆட்டினார். "தெரியலியே. போவட்டும் வுடு. முடிவாவது காதுல வுழுந்துதே. நீ சாப்ட்டியா?"

அந்தப் பிளேட்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதுதான் என் பன்னிரண்டாவது.

அதற்குப் பிறகு நான் திருப்புட்குழிக்குப் போகும்போதெல்லாம் வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் அத்தை உள்பக்கம் திரும்பி, "சரோஜா, உன் தம்பி வர்றான், அடுப்புல இருக்கற சுடுதண்ணிய எறக்கி வெய்யி," என்பார். வீடே சிரிக்கும். அவரும் சிரிப்பார். குடும்பத்தில் இன்றைக்கும் ஓடுகிற நகைச்சுவையை ஆரம்பித்துவைத்தவர் அவர்தான். யாருடைய பிளேட், யாருடைய குரல் என்று மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

காலம் மாறியது. கனமான பிளேட்டுகள் போய் வளைந்தாலும் உடையாத பிளேட்டுகள் வந்தன. (அவற்றை வெந்நீரில் போட்டால் என்ன ஆகும் என்று நான் பார்க்கவில்லை.) எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகி, ஒருவழியாக டேப் ரிகார்டர் வாங்கினேன். முதல் பாட்டுப் பெட்டி! கேசட் கடையில் விரும்பிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். மதராஸ் போனாலும் வேலூர் போனாலும் கடையில் கேட்பேன். "பழைய பாட்டு ஒண்ணு, ஒரு பொண்ணு பாடினது, விளக்கும் ஏற்றி வைத்தேனடின்னு முடியும்."

"மொத வரி சொல்லு சார்."

எல்லாக் கடையிலும் இதே பதில். பாட்டுப் புத்தகத்தில் அட்டவணை இருப்பது முதல் வரியை வைத்து. கடைக்காரர் நோட்டில் எழுதி வைத்திருப்பது முதல் வரியை வைத்து. கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைத் தேடுகிறவனுக்கு இந்த உலகத்தில் எந்தக் கடையிலும் இடமில்லை. யாருக்காக அந்தப் பெண் விளக்கும் ஏற்றி வைத்தாள்? அதற்கு முன் வேறு என்னவெல்லாம் செய்தாள்? வேறு எத்தனையோ நல்ல பாட்டுகளைக் கேட்டுவிட்டேன். ஏங்கியது அந்த ஒன்றுக்குத்தான்.

அத்தை ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து மாமாவைப் பார்க்கப் போனேன். இறக்கி வைக்கச் சொல்ல ஆள் இல்லாமல் அடுப்பில் வெந்நீர் அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கல்யாணத்தன்னிக்கி ஒரு பிளேட்டு போட்டியே. அது கீதா?"

"கீது மாமா. ஆனா ஓடாது."

"எனுக்குத் தெரியும்பா, ஓடாதுன்னு. சும்மா பாக்கலாம்னுதான்."

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ புரிந்தது. "யாரு பாடினதுன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"அவ கொரலு எனுக்குத் தெரியாதா? வந்த புதுசுல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினே இதத்தான் பாடுவா. நான்தான் அதட்டினேன். அப்புறம் பாடல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கிப் பந்தியில சொன்னனே, நல்ல கொரலுன்னு. அவளுக்குத்தான் சொன்னேன்."

"அவங்ககிட்ட நேரா சொல்லியிருக்கலாமே மாமா. அவங்க மொத அடி மறந்து போச்சேன்னு..."

"மறந்துட்டாளா?" என்று நிமிர்ந்தார். நிஜமாகவே அவருக்கு அது தெரியவில்லை. பிறகு, வாழ்க்கையில் ஒரு பாட்டும் பாடாத அந்த மனிதர், வண்டி அச்சு கிறீச்சிடுகிற குரலில், தாளமில்லாமல், ஆனால் ஒரு எழுத்து தப்பாமல் பாடினார்.

"நேற்றே வருவேன் என்றாரடி..."

'நே'. லேபிளின் விளிம்பில் எனக்கு மிச்சமாகக் கிடைத்த அதே 'நே'. வருடக்கணக்காக அத்தை தேடியது அதே வீட்டில், பக்கத்துப் பாயில் படுத்திருந்திருக்கிறது. அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் பேத்தி தன் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். உலகத்தில் இருக்கிற எல்லாப் பாட்டும் இதில் இருக்கிறதாம்.

"எந்தப் பாட்டு வேணும் தாத்தா? மொத வரி மட்டும் சொல்லுங்க, போதும்."

சொன்னேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. அவள் தட்டிப் பார்த்தாள். எழுத்தை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள்.

"இப்டி ஒரு பாட்டே இல்ல தாத்தா."

அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "தாத்தாவுக்குச் சுடுதண்ணி வெக்கட்டுமான்னு கேளுடி! போனைப் போட்டுப் பாக்கட்டும்!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.